சிக்னல் ஃபுல், நெட் மந்தம்: 4ஜி செல்லில் குறுக்கீட்டைக் குறைப்பது எப்படி?

போனில் எல்லாக் கோடும் நிற்கிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டவரின் பவரை ஏற்றினால் சரியாகிவிடும் என்று நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். ஏற்றாதீர்கள். 4ஜியில் அக்கம்பக்கத்து செல்களுக்கும் (டவரின் ஓர் ஆன்டெனா சிக்னல் தரும் பகுதிதான் செல்) அதே அலைவரிசைதான். இங்கே ஏற்றுகிற பவர் அங்கே இரைச்சலாகிறது.

1. அளந்து பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி சிக்னலின் பலத்தைச் சொல்லும். எஸ்ஐஎன்ஆர் அதன் சுத்தத்தை, அதாவது குறுக்கீட்டையும் இரைச்சலையும்விட அது எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைச் சொல்லும். ஆர்எஸ்ஆர்பி -80 டிபிஎம் (நல்ல பலம்), எஸ்ஐஎன்ஆர் 2 டெசிபல் (மோசம்) என்று வந்தால் கோளாறு குறுக்கீட்டில்தான். 20 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில் எஸ்ஐஎன்ஆர் 20 டெசிபல் இருந்தால், ஷானன் வரம்புப்படி (கோட்பாட்டு உச்ச வேகம்) ஒரு ஸ்ட்ரீமில் (ஒரு டேட்டா ஓடையில்) நொடிக்குச் சுமார் 133 மெகாபிட் போகலாம். 0 டெசிபலில் வெறும் 20. அதே இடத்தில் நள்ளிரவிலும் அளவெடுங்கள். ஆர்எஸ்ஆர்பி மாறாமல் எஸ்ஐஎன்ஆர் மட்டும் ஏறினால், மாலையில் பக்கத்து செல்லின் நெரிசல்தான் இடிக்கிறது.

2. பிசிஐ மோதலைப் பாருங்கள். ஒவ்வொரு செல்லையும் போன் அடையாளம் காணும் எண்தான் பிசிஐ. அந்த இடத்தில் பலமாகக் கேட்கும் செல்களின் பிசிஐ எண்களை 3-ஆல் வகுங்கள். மீதி ஒரே எண்ணாக வந்தால் (120, 243 இரண்டுக்கும் 0) இரண்டு ஆன்டெனா போர்ட் உள்ள செல்களில் குறிப்பு சிக்னல்கள் (போன் அளவெடுக்கப் பயன்படுத்துபவை) ஒன்றன்மேல் ஒன்று விழும். எண்ணை மாற்றினால் போதும், செலவில்லை.

3. டில்ட்டை, அதாவது ஆன்டெனாவின் பீம் கீழ்நோக்கிச் சாயும் கோணத்தைச் சரிசெய்யுங்கள். பெரும் பலன் இங்கேதான். ஆன்டெனா 30 மீட்டர் உயரம், செங்குத்து பீம் அகலம் 7 டிகிரி என்று வையுங்கள். 3 டிகிரி டில்ட்டில் பீமின் நடு 570 மீட்டரில் தரை தொடும். மேல் விளிம்போ தொடுவானத்துக்கும் மேலே போய், தொலைவிலுள்ள செல்களையெல்லாம் கெடுக்கும். 6 டிகிரியில் நடு 285 மீட்டர், மேல் விளிம்பு சுமார் 690 மீட்டர். ஆன்டெனாவையே சாய்க்கும் மெக்கானிக்கல் டில்ட்டைவிட, உள்ளே சிக்னலை மாற்றிப் பீமை மட்டும் சாய்க்கும் எலக்ட்ரிக்கல் டில்ட் நல்லது: பக்கவாட்டிலும் பீம் சமமாக இறங்கும். ஒரு டிகிரி மாற்றி, மறுபடி அளந்த பிறகே அடுத்தது. ஒரேயடியாகச் சாய்த்தால் செல்லின் எல்லையில் சிக்னல் இல்லாத ஓட்டை விழும். வீட்டுக்குள் பேசுபவரின் அழைப்பு அறுந்துபோகும்.

4. அதற்குப் பிறகே கொள்ளளவு. 20 மெகாஹெர்ட்ஸ் செல்லில் 100 பிஆர்பி (பயனர்களுக்குப் பங்கிடும் அலைவரிசைத் துண்டுகள்) உண்டு. எஸ்ஐஎன்ஆர் குறைந்தவருக்கு அதே ஃபைலை அனுப்ப அதிக பிஆர்பி தேவை. அதனால் குறுக்கீடு குறைந்தாலே நெரிசலும் ஓரளவு தளரும். அதன் பின்னும் உச்ச நேரத்தில் பிஆர்பி பயன்பாடு 80 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், இன்னொரு பேண்டுக்கு (வேறு அலைவரிசைத் தொகுதிக்கு) பயனர்களில் சிலரைத் தள்ளுங்கள் அல்லது புதிய கேரியர் (கூடுதல் அலைவரிசை) போடுங்கள். அதே பேண்டில் உள்ள பக்கத்து செல்லுக்கு ஹேண்டோவர் ஆஃப்செட்டை (போன் செல் மாறும் கணக்கில் பக்கத்து செல்லுக்குத் தரும் சலுகையை) கூட்டித் தள்ளினால், போனவர்களுக்குப் பழைய செல்லே குறுக்கீடாகிவிடும். ஆஃப்செட்டை 3 டெசிபலோடு நிறுத்துங்கள்.