காப்பியில் வெளிறிய படச்சுருள்: என் அனுபவம்

தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியில் ஆயா சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்கு வெளியேற்றப்படுமுன் வாழ்ந்த கேட்டோ மேனர் பகுதியில், அவர் சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடிப்பிடித்த மாமரத்தை 16 மி.மீ. கறுப்பு வெள்ளைச் சுருளில் எடுத்து, டர்பனில் என் குளியலறையிலேயே, கடை மருந்துக்குப் பதிலாகப் படத்தைத் துலங்கவைக்கும் காப்பிக் கரைசலில் கழுவினேன். நெகட்டிவ் கண்ணாடிபோல் வெளிறியிருந்தது. காப்பித்தூளை மாற்றிப் பார்த்தேன், நேரத்தைக் கூட்டினேன், கரைசலைச் சூடாக்கியபோது படப்பூச்சே நெளிந்துவிட்டது. மூன்று நாள் வீணாயிற்று.

பிழை, காப்பியை வேலைசெய்ய வைக்கும் சலவைச் சோடாவில் இருந்தது. லிட்டருக்கு 40 கிராம் உடனடிக் காப்பி, 16 கிராம் வைட்டமின் சி, 54 கிராம் சோடா என்னும் அளவு, நீரற்ற வெண்தூளுக்கு உரியது. நான் வாங்கியதோ கற்கண்டுபோன்ற படிகம். அதன் எடையில் ஏறத்தாழ 63 விழுக்காடு தண்ணீரே. பொட்டலத்தின் வாயருகே இருந்த கட்டிகளில் மட்டும் திருநீறு பூசியதுபோல் வெண்மை படிந்திருந்ததைக் கண்டபோதுதான், அவை காற்றில் நீரை இழந்தவை என்பது உறைத்தது. படிகத்தைத் தட்டில் பரப்பி, ஓவனில் 200 பாகை செல்சியஸில், எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, அந்தத் தூளில் 54 கிராம் நிறுத்துப் போட்டேன். (அவசரமென்றால் படிகத்தையே 146 கிராம் போடலாம்.) 20 பாகையில் 15 நிமிடம் கழித்து, மரம் கிளை கிளையாகத் தெரிந்தது.

ஆயாவிடம் காட்டினேன். அது பக்கத்து வீட்டு மரம் என்றார்.