குற்றம் கோலில் இல்லை

9 அடி நீளம், 5-ஆம் எண் லைனுக்கான ஃபிளை தூண்டில் கோல்; செயற்கை ஈயை இரையாக வீசி மீன்பிடிப்பதற்கானது. லைன் என்பது தூண்டில் கயிறு; எண் கூடினால் அதன் எடை கூடும். புல்வெளியில் வீசிப் பார்த்தபோது லைன் 50 அடி வரை அழகாகப் பறந்தது. ஓடையில் இறங்கியதும் அதே கோல் விறகுக்கட்டையாகிவிட்டது. 20 அடி தொலைவில் மீன் மேலெழுந்து வட்டம் போடுகிறது. என் லைனோ பாதியிலேயே சுருண்டு பொத்தென்று விழுகிறது. வேகத்தைக் கூட்டினேன். சிக்கல்தான் மிச்சம்.

கணக்கு பிறகுதான் உறைத்தது. செயற்கை ஈக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. லைனின் எடைதான் கோலை வளைக்கிறது. 5-ஆம் எண் லைனுக்குச் சொல்லப்படும் சுமார் 9 கிராம், அதன் முதல் 30 அடிக்கான எடை. 20 அடி வீச்சில், லைன் நுனியில் ஈயைக் கட்டும் மெல்லிய நரம்புக்கே 9 அடி போய்விட்டால், வெளியே நிற்கும் லைன் நான்கு கிராம்கூடத் தேறாது. கோல் எப்படி வளையும்?

சற்றே கனமான 6-ஆம் எண் லைனைச் சுற்றினேன். பின்வீச்சில் அது முழுதாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்தேன். தக்கைக் கைப்பிடியில் மெல்லிய இழுப்பு தெரிந்தது. அப்போது முன்னே வீசினேன். கோலின் மேல்பாதி வளைந்து நிமிர, ஈ சத்தமில்லாமல் நீரில் அமர்ந்தது.

தொலைதூர வீச்சில் இப்போது கோல் சற்றே தளர்கிறது. நான் அவ்வளவு தூரம் வீசுவதே அபூர்வம், போகட்டும்.