வெளிநாட்டு வகுப்பறையிலிருந்து வன்னி வைத்தியசாலை அலுவலகத்துக்கு

வைத்தியசாலை நிர்வாகம் என்றவுடன் பணிப்பாளர் கதிரையை நினைக்கவேண்டாம். அரச வைத்தியசாலைகளில் அது மருத்துவ நிர்வாகத்தில் பட்டமேற்படிப்பு முடித்த வைத்தியர்களுக்குரியது. மாலைதீவிலோ கட்டாரிலோ படிப்பித்துவிட்டு வருபவருக்குப் பொருந்துவது மருத்துவப் பதிவேடு, திட்டமிடல், ஆளணி, கொள்வனவு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலும் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைகளிலும் இந்த வேலைகள் உண்டு. அரச நியமனத்துக்கு வர்த்தமானியில் வயதெல்லையை முதலில் பாருங்கள். அது கடந்திருந்தால் தனியார் வைத்தியசாலைகளையும் அரசசார்பற்ற சுகாதாரத் திட்டங்களையும் நாடுங்கள்.

படி 1: விமானம் ஏறமுன் சேவைக் கடிதம்

"இன்ன திகதி முதல் ஆசிரியராக இருந்தார்" என்ற ஒற்றை வரி போதாது. மாணவர் பதிவேடு, நேரசூசி, பரீட்சைத் தரவு, எத்தனை பேரை மேற்பார்வை செய்தீர்கள் என்பவற்றைக் கேட்டு எழுதுவியுங்கள். பிறகு அந்த நாட்டு வெளியுறவு அமைச்சின் முத்திரை, அடுத்து அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் முத்திரை. ஊருக்கு வந்தபின் நினைவு வந்தால், முதல் முத்திரைக்காகக் கடிதத்தைத் திரும்ப அங்கே அனுப்பவேண்டிவரும்.

படி 2: எக்செல்

லிபர்ஆபிஸ் இலவசம், பழகவும் நல்லது. ஆனாலும் அலுவலகங்களில் எக்செல்தான், அதையே பழகுங்கள். பெரிய பட்டியலைத் தொகுத்து எண்ணிக்காட்டும் பிவட் அட்டவணை கட்டாயம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட பெயர்களை யுனிகோட்டில் தேடினால் அகப்படாது. கணனிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துகள். எழுத்துருவை மாற்றினால் மட்டும் சரிவராது, யுனிகோட்டுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டெடுக்கவேண்டும். திகதியை 2024-05-04 என்றே எழுதுங்கள். 04/05 என்றால் ஏப்ரலா மேயா என்று பின்னால் வருபவர் தடுமாறுவார்.

படி 3: ஐசிடி-10

இது உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியல். பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். விடுதி நோயாளியின் பி.எச்.ரியில், அதாவது கட்டில் ரிக்கற்றில், வைத்தியர் எழுதிய நோயைக் குறியீடாக மாற்றவேண்டும். வயலில் பாம்பு கடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். விஷம் ஏறியிருந்தால் டி63.0 (T63.0), எதனால் வந்தது என்ற வெளிக்காரணத்துக்கு எக்ஸ்20 (X20). விஷமில்லாப் பாம்பென்றால் காயத்தின் இடத்துக்குரிய குறியீடும் வெளிக்காரணமாக டபிள்யூ59உம் (W59). ரிக்கற்றில் "ஸ்னேக் பைற்" என்று மட்டும் இருந்தால் எதைப் போடுவது? நீங்களாக முடிவெடுக்காதீர்கள். வைத்தியரிடம் கேட்டு எழுதுவியுங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்தால், விஷமுறிவு மருந்து எவ்வளவு தேவை என்று அந்த எண்ணிக்கையை வைத்துக் கணிப்பவர் தவறுவார். நாட்பட்ட சிறுநீரக நோயும் அப்படித்தான். நிலை எழுதப்படாவிட்டால் என்18.9இல்தான் (N18.9) போடவேண்டும், எத்தனை பேர் ஐந்தாம் நிலையில் என்பது மறைந்துபோகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் இணையத் தேடலும் பயிற்சிப் பாடமும் இலவசம். காசு கட்டும் வகுப்புக்கு முன் அவற்றை முடியுங்கள். பயிற்சிக்கு உண்மையான நோயாளியின் ரிக்கற்றைப் படமெடுக்கவே கூடாது. இருபது கற்பனைப் பதிவுகளை நீங்களே எழுதிக் குறியிடுங்கள்.

படி 4: சான்றிதழ்

டிப்ளோமா தேடும்போது அந்தக் கற்கைநெறிக்கு மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தரச்சான்று உண்டா என்று பாருங்கள். நிறுவனத்தின் பதிவு வேறு, பாடநெறியின் தரச்சான்று வேறு.

பின்சேர்க்கை: அரச பாடசாலையிலிருந்து 14/2022 பொது நிர்வாகச் சுற்றறிக்கையின்படி சம்பளமற்ற விடுமுறையில் போனவர்கள் பலர் கேட்டார்கள். நீங்கள் இன்னமும் அரச ஊழியர்தான். வேறு நியமனத்தை ஏற்கமுன் வலயக் கல்விப் பணிமனையில் எழுத்துமூலம் தெளிவுபடுத்துங்கள், கொடுத்த கடிதத்தின் பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்கி வையுங்கள்.