சிப்பிப் பண்ணையோடு உணவகம் ஒப்பந்தம் செய்துகொள்வது எப்படி

கேரளத்துக் காயல்களில் இன்று நடக்கும் உண்ணும் சிப்பி வளர்ப்பு, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களில் தூத்துக்குடியில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்ததாகும். காலிச் சிப்பி ஓடுகளை நைலான் கயிற்றில் கோத்து, கம்புகளால் கட்டிய பந்தலிலிருந்து நீருக்குள் தொங்கவிடுகிறார்கள்; மிதந்துவரும் சிப்பிக் குஞ்சுகள் அவற்றில் ஒட்டிக்கொண்டு, நீரை வடிகட்டி நுண்பாசியை உண்டே பருக்கின்றன. தீவனம் தேவையில்லாததால் இது சூழலுக்கு இணக்கமான தொழில்தான். ஆனால் நீரிலுள்ள கிருமியும் அவ்வழியே சதையில் சேர்ந்துவிடும் என்பதால், உணவகம் விலையைப் பேசுமுன் நீரைப் பற்றிப் பேச வேண்டும்.

பண்ணையை நேரில் பார்த்து, அருகில் சாக்கடை வாய்க்காலோ படகுத்துறையோ உண்டா என்று கவனியுங்கள். நீருக்கும் சதைக்கும் வெவ்வேறு மாதங்களில் எடுத்த ஆய்வக அறிக்கைகளைக் கேளுங்கள். அறுவடைக்குப் பின், கிருமி நீக்கிய உவர்நீரில் ஏறத்தாழ ஒரு நாள் வைத்துச் சிப்பியைத் தூய்மைப்படுத்துகிறார்களா என்பதும் முக்கியம். அம்முறை பாக்டீரியாவைப் பெரிதும் குறைக்குமே தவிர, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸை முழுதாக நீக்கும் என்று நம்ப முடியாது. பாசி நச்சோ சமைத்தாலும் போகாது. எனவே நச்சுப்பாசி பெருகி நீரின் நிறம் மாறினால் அறுவடையை நிறுத்தும் உரிமை பண்ணைக்கு உண்டு என்றும், அதற்காக உணவகம் அபராதம் கேட்காது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் காயல் நன்னீராகி உப்புத்தன்மை வீழ்வதால், மே மாதத்துக்குள் அறுவடையை முடித்துவிடுவதே வழக்கம். உணவுப் பட்டியலும் அதற்கேற்ப மாற வேண்டும். ஆண்டு முழுவதும் வேண்டும் என்று வற்புறுத்தினால், எங்கோ பாறையில் கொத்திய சிப்பி பண்ணைச் சிப்பி என்ற பெயரில் வந்து சேரும் வாய்ப்பே அதிகம்.

ஓட்டோடு நிறுத்தால் சதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே விலை எண்ணிக்கைக்கா, ஓட்டின் எடைக்கா, சதைக்கா என்பதை முன்பே தீர்மானியுங்கள். வளர்ப்பவர்களில் பலர் மகளிர் சுய உதவிக் குழுவினர் என்பதால், பருவத் தொடக்கத்தில் கயிற்றுக்கும் கம்புக்கும் முன்பணம் கொடுப்பது, அறுவடையின்போது கூட்டித் தரும் விலையைவிட அவர்களுக்குப் பயன்படும்.

ஒவ்வொரு மூட்டையிலும் அறுவடை செய்த இடமும் நாளும் எழுதிய சீட்டு இருக்கட்டும். சிப்பியை ஈரச் சாக்கால் மூடிக் குளிரில் வையுங்கள். நன்னீரில் ஊறவைத்தாலும் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தாலும் செத்துவிடும். வாய் திறந்திருப்பது தட்டியும் மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள். வெதுவெதுப்பான நம் நீரில் விப்ரியோ பாக்டீரியா பெருகுவதால், பச்சையாகப் பரிமாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிநீரில் ஓடு திறந்த பிறகும் மூன்று நிமிடமாவது வேகட்டும்.

சமையலறையில் மிஞ்சும் ஓடுகளைக் குப்பையில் கொட்டாமல், கழுவி, சதைத் துணுக்கு இல்லாதபடி மாதக்கணக்கில் வெயிலில் காயவைத்துப் பண்ணைக்கே திருப்பி அனுப்புங்கள். அடுத்த பருவத்தில் குஞ்சு ஒட்டுவதற்குக் கயிற்றில் கோக்க அவையே தேவைப்படும்.