குளிர்காலத்தில் வீட்டுக்குள் செடி: ஹீட்டர் ஓடியும் வேர் ஏன் விறைக்கிறது?

தக்காளி நாற்று ஒன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க ஊதா ஏறியிருந்தது. நரம்புகள் கத்தரிக்காய் நிறத்தில் தடித்துத் தெரிந்தன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு என்று முடிவுகட்டி, உரக்கரைசலைக் கூட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் போயும் ஊதா குறையவில்லை. இலை நுனிகள் வேறு கருகத் தொடங்கின. அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 22 டிகிரி காட்டியது. கடைசியில் ஊசி போன்ற முனையுள்ள வெப்பமானி ஒன்றை எடுத்துத் தொட்டி மண்ணில் செருகினேன். 12 டிகிரி. நாற்றுத் தட்டு வெறும் சிமெண்டுத் தரைமேல் இருந்தது.

மண்ணில் மணிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. குளிர்ந்து கிடந்த வேரால் அதை உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான். நான் கூட்டி ஊற்றிய உரம் உப்பாகத் தேங்கி, இருந்த வேரையும் வாட்டியது. தட்டைத் தூக்கி அடியில் இரண்டு அங்குலத் தெர்மோகோல் பலகை வைத்தேன். உரத்தை நிறுத்திவிட்டு, அறைச் சூட்டில் வைத்திருந்த வெறும் தண்ணீரை மட்டும் அளவாக விட்டேன். பத்து நாளில் வந்த புது இலைகளின் அடிப்பக்கம் பச்சையாக இருந்தது.

காற்று சூடாக இருந்தால் செடியும் சூடாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் குளிர்காலத் தவறுகளில் பாதி முளைக்கின்றன. ஹீட்டர் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வேர் இருக்கும் இடத்தில் எத்தனை டிகிரி? இருக்கிற சூடு எந்த வழியாக வெளியே போகிறது?

தவறான இடத்தில் வெப்பமானி

சூடான காற்று மேலே ஏறும். கண் உயரத்தில் தொங்கும் வெப்பமானிக்கும் தரையில் இருக்கும் தொட்டிக்கும் பல டிகிரி வித்தியாசம் வந்துவிடும். விளக்கின் நேர் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தாலும் ஏமாற்றம்தான். கருவி விளக்கொளியில் சூடேறித் தன் சூட்டையே காட்டும். ஒன்று மண்ணுக்குள், இன்னொன்று இலை உயரத்தில் நிழலாக, இப்படி இரண்டு இடத்தில் அளந்தால் போதும். நாளின் மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் நினைவில் வைத்துக்கொள்ளும் கருவியாக இருப்பது அவசியம். நாம் பார்க்கும் நேரம் பெரும்பாலும் பகல் அல்லது விளக்கு எரியும் நேரம். செடி அடிபடுவதோ விடியற்காலை நான்கு ஐந்து மணிக்கு.

எண்களைப் பொறுத்தவரை, தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றுக்கும் பகலில் 21 முதல் 26 டிகிரி, இரவில் 16 முதல் 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். 10 டிகிரிக்குக் கீழே சில இரவுகள் தொடர்ந்து போனால் இவை வளர்ச்சியை நிறுத்திவிடும், பூ உதிர்க்கும். துளசி இனங்கள் அந்த அளவில் இலை கறுத்துவிடும். லெட்டூஸ், பாலக், கொத்தமல்லி, வெந்தயக் கீரைக்கு 15 டிகிரி தாராளம். இங்கே என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: அறையை 20 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வசதியில்லை என்றால் மிளகாயோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த நாலு மாதம் கீரை போடுங்கள். மின்சாரமும் மிச்சம், மனக்கஷ்டமும் மிச்சம்.

சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே சூடேற்றுவது

வளர்ப்புக் கூடாரத்தின் (வீட்டுக்குள் விளக்கு வைத்துச் செடி வளர்க்கும் துணிக்கூடாரம்) எக்ஸாஸ்ட் ஃபேனைக் கோடையில் ஓடிய அதே வேகத்தில் குளிர்காலத்திலும் ஓடவிடுகிறோம். அதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கனமீட்டர் காற்றை இழுக்கும் சிறிய ஃபேன் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 5 டிகிரி, உள்ளே 22 டிகிரி. உள்ளே நுழையும் அந்தக் காற்றைச் சூடேற்ற மட்டும் ஏறத்தாழ 570 வாட் இடைவிடாமல் வேண்டும். ஒரு சிறிய ஹீட்டரின் உழைப்பு முழுவதும் அப்படியே குழாய் வழியே வெளியே போய்விடுகிறது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். வெளிச்சுவரை ஒட்டிய துளையிலிருந்து இழுக்காமல், ஏற்கெனவே சூடாக இருக்கும் வீட்டு அறையிலிருந்து இழுக்க வேண்டும். ஃபேனை முழு வேகத்திலிருந்து இறக்கி, ஈரப்பதம் ஏறும்போது மட்டும் வேகம் கூடுகிற மாதிரி கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைத்தால் இன்னும் நல்லது.

அடுத்த கசிவு தரை. சிமெண்டுத் தரை, ஓடு பதித்த தரை இரண்டும் தொட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தெர்மோகோல் பலகை, மரப்பலகை, ஒன்றும் கிடைக்காவிட்டால் தடித்த அட்டைப்பெட்டி, ஏதாவது ஒன்றை அடியில் போடுங்கள். சுவருக்குச் செலவழிக்கும் முன் தரைக்குச் செலவழியுங்கள். ஜன்னலோரம் செடி வைப்பவர்கள் இரவில் திரைச்சீலையை இழுத்து மூடும்போது செடி கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. அறையின் சூடு எட்டாத சிறு குளிர்பெட்டி அது. திரைக்கு இந்தப் பக்கம் செடியை நகர்த்திவிட்டு மூடுங்கள். கண்ணாடியில் இலை உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் அடைத்துவிடுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு, காற்று போகும் துளை அத்தனையையும் டேப் ஒட்டி அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இது முந்தையதைவிட மோசம்.

செடி விடும் ஈரமெல்லாம் உள்ளேயே தங்கும். விளக்கு எரியும்வரை ஒன்றும் தெரியாது. 24 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காற்று 16 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி படியத் தொடங்கும். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரத்தில் கூடாரத்தின் துணி அந்த அளவுக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் ஜிப்பைத் திறந்து கையால் சுவரைத் தடவிப் பாருங்கள், விரல் நனையும். கீழே அடர்ந்த இலைகளின் விளிம்பில் முத்து முத்தாக நீர் நிற்கும். பூவோ பழுத்த இலையோ நனைந்தபடி கிடந்தால் சாம்பல் நிறப் பஞ்சு போலப் பூஞ்சை படரும். விரலால் தட்டினால் புகை போலத் தூள் பறக்கும். அந்த நிலைக்கு வந்த கிளையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். ஒரு பையால் மூடி, அப்படியே வெட்டி வெளியேற்றுங்கள்.

கூடவே கரியமில வாயுவும் குறையும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. செடிகள் நெருக்கமாக நிற்கும் அடைத்த கூடாரத்தில் விளக்கு எரியும்போது அது வேகமாக இறங்கிவிடும். சூடும் வெளிச்சமும் இருந்தும் செடி அப்படியே நிற்கும். விளக்கு அணையும் நேரத்தையொட்டிப் பத்து இருபது நிமிடம் எக்ஸாஸ்டை நன்றாக ஓடவிட்டு ஈரத்தை வெளியேற்றுங்கள். உள்ளே ஒரு சின்ன ஃபேன் இரவு பகலாகச் சுற்றட்டும். மேலே தேங்கிய சூட்டைக் கீழே கொண்டுவருவதும் அதே ஃபேன்தான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. 5 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் வெளிக்காற்றை 22 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இலை ஓரம் சுருளும், இலைச்சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திக்குக் கொண்டாட்டம். இலையின் அடியில் ஊசிமுனைப் புள்ளிகளும் மெல்லிய வலையும் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

விளக்கை மறந்துவிடுவது

பலர் கையில் ஒரு ஹீட்டரை வைத்துக்கொண்டே இன்னொன்றைத் தேடுகிறார்கள். 200 வாட் எல்.இ.டி. விளக்கு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் அந்த இடத்திலேயே சூடாக மாறுகிறது. அந்த விளக்கைப் பகலில் எரியவிட்டு, கடும் குளிர் நேரமான இரவில் அணைத்துவிட்டு, அப்போது ஹீட்டரைப் போடுவது வீண்செலவு. டைமரைத் திருப்பி வையுங்கள்: மாலையில் விளக்கு எரியத் தொடங்கி விடியும்வரை எரியட்டும், செடிக்குப் பகல்வேளை உறக்கமாகட்டும். வெளி வெளிச்சம் புகாத இடத்துக்குத்தான் இது பொருந்தும். சோடியம் விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாறியவர்கள் முதல் குளிர்காலத்தில் திகைப்பதும் இதனால்தான். 600 வாட் விளக்கு இருந்த இடத்தில் 300 வாட் வந்தால், மின்கட்டணத்தோடு 300 வாட் சூடும் போய்விட்டது.

மங்கலான ஜன்னல் வெளிச்சத்தில் இருக்கும் நாற்றுக்கு அளவுக்கு மீறிச் சூடு கொடுப்பதும் தவறுதான். சூடு செடியை ஓடச் சொல்கிறது, சாப்பாடான வெளிச்சம் இல்லை. தண்டு வெளிறி, நூல் போல நீண்டு சாயும். வெளிச்சம் குறைவாக இருந்தால் சூட்டையும் இரண்டு மூன்று டிகிரி குறையுங்கள். இரவும் பகலும் ஒரே சூடு வேண்டும் என்று பிடிவாதமும் வேண்டாம். இரவில் ஐந்து டிகிரி இறங்குவது செடிக்கு இயல்பானது.

உயிரோடு விளையாடும் தவறுகள்

இதில் சமரசமே கிடையாது. புகைபோக்கி இல்லாத கேஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் ஹீட்டர், கரி அடுப்பு எதையும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். செடிக்கும் இந்த அடுப்புகள் நல்லதல்ல. சரியாக எரியாத எரிபொருளிலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். தக்காளி இலைகள் கீழ்நோக்கித் தொங்கி மடங்கும், பூக்கள் கொட்டும். எரியும்போது வெளியாகும் நீராவி வேறு ஈரத்தைக் கூட்டும்.

மின்சார ஹீட்டரிலும் கவனம் வேண்டும். 1500 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 120 வோல்ட்டில் பன்னிரண்டரை. இதை விளக்கும் ஃபேனும் மாட்டிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில், தனியாக. அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எந்த ஹீட்டர் என்று கேட்டால், அனல் காற்றை ஊதுவதைவிட எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையைத்தான் நான் விரும்புவேன். மெல்லச் சூடாகும், மெல்ல ஆறும், எதிரே இருக்கும் செடியைக் கருக்காது. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: சூட்டின் அளவைப் பார்த்து மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட் மூலம் வெளியிலிருந்து இயக்கப்போகிறீர்கள் என்றால் திருகும் குமிழ் உள்ளதாக இருக்க வேண்டும். தொடுபொத்தான் வகைகளில் பல, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காது. இரவு இரண்டு மணிக்கு அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

அடியில் சூடு, தண்ணீரில் குளிர்

நாற்றுக்கு அடியில் விரிக்கும் சூடேற்றும் மேட் நல்ல கருவி. தக்காளி, மிளகாய் விதைகள் 25 முதல் 30 டிகிரியில் சுறுசுறுப்பாக முளைக்கும். ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டை நம்ப முடியாது. பெரும்பாலானவை அறைச் சூட்டைவிட ஐந்து முதல் பத்து டிகிரி கூட்டும், அவ்வளவே. 8 டிகிரி அறையில் அது போதாது, 25 டிகிரி அறையில் அதிகம். லெட்டூஸ் விதை 30 டிகிரியை எட்டினால் முளைக்காமல் உறங்கிவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மேட்டின் மேல் வைக்காமல் மண்ணுக்குள் செருகுங்கள். முளைத்து நிமிர்ந்ததும் மேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

குழாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரை ஊற்றினால், இரவெல்லாம் சேர்த்த மண் சூடு ஒரு நொடியில் போய்விடும். முந்தின நாளே வாளியில் பிடித்து உள்ளே வையுங்கள். 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் நல்லது. அளவையும் குறைக்க வேண்டும். குளிரில் செடி குடிப்பதே குறைவு, கோடைப் பழக்கத்தில் ஊற்றினால் வேரழுகல்தான். தொட்டியைத் தூக்கி எடை பார்த்து ஊற்றும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து.

மண்ணில்லாமல் நீரில் வளர்ப்பவர்கள் தொட்டிநீரை மீன்தொட்டி ஹீட்டரால் சூடேற்றலாம். ஆனால் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 20 டிகிரி நீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறையும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள். நீருக்கு வெளியே சூடேறினால் கண்ணாடி வெடித்துவிடும்.

தண்ணீர் நிரப்பிய கேன்களை உள்ளே அடுக்கினால் இரவெல்லாம் சூடு தரும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அளவு தெரிந்து நம்ப வேண்டும். 20 லிட்டர் நீர் ஐந்து டிகிரி குளிரும்போது வெளிவிடும் சூடு, 100 வாட் ஹீட்டர் ஒரு மணி பத்து நிமிடம் ஓடுவதற்குச் சமம். மின்வெட்டுக்குத் துணை நிற்கும். ஹீட்டருக்கு மாற்றாகாது.

அந்த மின்வெட்டு வந்துவிட்டால் கூடாரத்தைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். போர்வைகளை மேலே போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவேளை செடி குளிரில் அடிபட்டுவிட்டால், மின்சாரம் வந்ததும் ஹீட்டரையும் விளக்கையும் முழு வேகத்தில் போட வேண்டாம். குளிர்ந்த இலைமேல் பலத்த வெளிச்சம் விழுந்தால் சேதம் இன்னும் கூடும். முதல் நாள் விளக்கை உயர்த்தி வைத்து, சூட்டை மெல்ல ஏற்றுங்கள். தொங்கிப்போன இலைகளை உடனே கத்தரித்துவிடாதீர்கள். எந்தக் கணுவரை உயிர் இருக்கிறது என்பது நாலைந்து நாள் கழித்து அங்கே கிளம்பும் துளிரைப் பார்த்தால்தான் தெரியும்.