'டெஸ்ட் கனெக்ஷன்' வெற்றி என்று வந்ததும் எழுந்துவிடாதீர்கள்

மீன் வாடியின் கொள்முதல் கணக்கோ நிலாவெளி விடுதியின் புக்கிங்கோ, டேட்டாபேஸ் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கணக்குப் பார்ப்பவர் திருகோணமலை டவுனில் எக்ஸெல்லையோ, ரிப்போர்ட் தயாரிக்கும் பவர் பிஐயையோ திறந்து அதோடு இணைப்பார். பயனர் பெயர், கடவுச்சொல், டெஸ்ட் கனெக்ஷன், வெற்றி. வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். இணைப்பு வராவிட்டால் அது தானே சொல்லிவிடும். வந்த இணைப்புக்குள் இருக்கும் தவறைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள்.

முதலில், இணைப்பு வராதபோது செய்யும் அவசர வேலையைப் பார்ப்போம். கிளவுட் சேர்வரின் ஃபயர்வாலில் (யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலில்) அலுவலகத்து ஐபி முகவரியைச் சேர்த்திருப்போம். கரண்ட் போய் ரவுட்டர் திரும்ப எழும்பும்போது பல இணைப்புகளில் அந்த முகவரி மாறிவிடும். அடுத்த நாள் 'டைம் அவுட்'. உடனே கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பார்கள், அது வீண் வேலை. கடவுச்சொல் பிழை என்று பதில் வந்தால் நீங்கள் சேர்வர் வரை போய்விட்டீர்கள் என்று அர்த்தம். பதிலே வராமல் டைம் அவுட் ஆனால் பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது போர்ட், அதாவது சேர்வருக்குள் நுழையும் வாசல் எண். டேட்டாபேஸ் மென்பொருளைப் பொறுத்து அது மாறும்: மைஎஸ்கியூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, எஸ்கியூஎல் சேர்வருக்கு 1433.

பொறுமை போனதும் 0.0.0.0/0 என்று போட்டு உலகம் முழுவதற்கும் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. டொங்கிள் இணைப்பின் முகவரியைச் சேர்ப்பதும் சரியில்லை. ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது மொபைல் இணைப்பில் சாதாரணம். மைக்ரோசாஃப்டின் கிளவுட்டான அஷூரில் 'அஷூர் சேவைகளை அனுமதி' என்றொரு தெரிவு உண்டு. அது உங்கள் சேவைகளை மட்டுமல்ல, வேறு வாடிக்கையாளர்கள் அஷூரில் வைத்திருப்பவற்றையும் ஃபயர்வால் தாண்ட விடும். நிலையான ஐபி வாங்குங்கள், அல்லது விபிஎன் என்ற தனிப்பட்ட பாதுகாப்பான வழியாகப் போங்கள்.

வழியில் யாரும் படிக்க முடியாதபடி தரவை மறைத்து அனுப்பும் குறியாக்கத்திலும் (எஸ்எஸ்எல்) இதே கதைதான். போஸ்ட்கிரெஸின் எஸ்எஸ்எல் தெரிவு வழக்கமாக 'பிரிஃபர்' என்று இருக்கும். எஸ்எஸ்எல் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் வெறும் இணைப்பாகப் போய்விடும். 'ரிக்வயர்' குறியாக்கும், ஆனால் மறுமுனையில் இருப்பது உங்கள் சேர்வர்தானா என்று பொதுவாகப் பார்க்காது. சான்றிதழ் கோப்பை இறக்கி 'வெரிஃபை-ஃபுல்' வையுங்கள். எஸ்கியூஎல் சேர்வரில் 'சேர்வர் சான்றிதழை நம்பு' என்பதை டிக் செய்து பிழையை மறைப்பதும் இதே தவறுதான்.

ரிப்போர்ட்டுக்கு அட்மின் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம். வாசிக்க மட்டும் முடிந்த ஒரு பயனரை உருவாக்க ஐந்து நிமிடம் போதும்.

விண்டோஸில் ஓடிபிசி என்ற பொது இணைப்பு முறை வழியாக இணைப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இன்னோர் இடத்தில். ஓடிபிசி மேலாளர் இரண்டு இருக்கிறது, 32 பிட், 64 பிட் என்று. எக்ஸெல் 32 பிட்டாக இருந்து, டிஎஸ்என்னை (பெயரிட்டுச் சேமித்த இணைப்பு விவரத்தை) 64 பிட் மேலாளரில் செய்திருந்தால் பொருந்தாது. விசித்திரம் என்னவென்றால் 'சிஸ்டம்32' கோப்புறையில் இருப்பதுதான் 64 பிட் மேலாளர். 32 பிட்டானது 'சிஸ்வாவ்64' என்ற கோப்புறையில். பெயரை நம்பினால் தலைகீழாகிவிடும். அப்புறம், 'யூசர் டிஎஸ்என்' அதைச் செய்தவருக்கு மட்டுமே தெரியும். இரவில் தானாக ஓடும் ரிப்போர்ட் வேறு கணக்கில் ஓடினால் 'சிஸ்டம் டிஎஸ்என்' தேவை.

எனக்கு மிகவும் கவலை தருவது நேரக் கணக்கு. அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ் வழக்கமாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். அஷூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸில் அதை மாற்றவே முடியாது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடிவதற்கு முன் கரைக்கு வந்த படகின் மீனை ஜூன் 12 காலை 4.45க்கு வாடியில் நிறுத்துப் பதிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் தன் நேரத்தைப் போட்டால் அது ஜூன் 11 இரவு 11.15. 'இன்றைய கொள்முதல்' ரிப்போர்ட்டில் அந்த மீன் இல்லை. காலை 5.30க்கு முந்திய எடை எல்லாம் முந்தின நாள் கணக்கில். பகல் வியாபாரம் செய்யும் கடையில் இது கண்ணில் படாது, ஆனால் மீன் தொழிலில் பெரிய எடையெல்லாம் அந்த நேரத்தில்தானே வருகிறது! கூட்டுத்தொகை மாதக் கடைசியில் ஏறத்தாழச் சரியாக வருவதால் பல மாதங்கள் தெரியாமலே போகலாம். ஆளுக்கு ஆள் கொடுக்கும் நாள் கணக்கில்தான் சண்டை வரும். சேமிப்பது யூடிசியில் இருக்கட்டும், தேதியாகப் பிரிப்பதற்கு முன் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள்.

கடைசியாகத் தமிழ். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டின் ஓடிபிசி டிரைவரிலும் 'ஆன்சி', 'யூனிகோட்' என்று இரண்டு இருக்கும். தமிழ் எழுத்துக்கு யூனிகோட்தான் வேண்டும். ஆன்சியை எடுத்தால் கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வரலாம். வாசிக்கும்போது மட்டும் அப்படி என்றால் டிரைவரை மாற்றினால் சரி. எஸ்கியூஎல் சேர்வரில் யூனிகோட் எழுத்துக்கான 'என்வார்கார்' வகையில் இல்லாமல் 'வார்கார்' வகை நிரலில் (column) எழுதி, உள்ளேயே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் அந்தப் பெயர் போனதுதான், பழைய சீட்டைப் பார்த்துத் திரும்பப் பதிய வேண்டும். ஆகவே இணைத்த அன்றே ஒரு தமிழ்ப் பெயரையும் விடியற்காலை நேரமொன்றையும் சேர்த்து ஒரு வரி பதிந்து, ரிப்போர்ட்டில் எப்படி வருகிறது என்று பாருங்கள்.