நிற்கிற இரும்பில் வெல்டிங்: கீழிருந்து ஏறப் பழகுங்கள்

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையோ, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வேலையோ, எங்கே சேர்ந்தாலும் எல்லா இரும்பையும் படுக்கவைத்து வெல்டிங் அடிக்க முடியாது, நிற்கிற இடத்திலேயே அடிக்கத் தெரிய வேண்டும். 6 எம்எம் பட்டை இரண்டை டி வடிவில் டேக் வைத்து, அதாவது அங்கங்கே சின்னதாக ஒட்டவைத்து, இணைப்பு செங்குத்தாக நிற்கும்படி நெஞ்சு உயரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 3.15 எம்எம் 7018 ரக வெல்டிங் ராடு, டிசி மெஷினில் ராடைப் பிடிக்கிற ஹோல்டர் பிளஸ் முனையில், 100 ஆம்ப்ஸை ஒட்டி ஆரம்பிக்கலாம். ராடு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் ஏறினால் உள்ளே ஓட்டை விழும்.

மேலிருந்து கீழே இழுத்தால் பார்க்க வழவழவென்று இருக்கும், ஆனால் ராடு பூச்சு உருகி வரும் கசடு முன்னால் ஓடிவிடும், பிடிப்பு ஆழமாக இறங்காது. அதனால் கீழிருந்தே ஏறுங்கள். ராடு நுனி லேசாக மேல்நோக்கி, ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரிகிற ஆர்க் முடிந்தவரை குட்டையாக. இடது ஓரத்தில் ஒரு நொடி நின்று, நடுவைச் சட்டென்று கடந்து, வலது ஓரத்தில் மறுபடி ஒரு நொடி. சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நடுவில் தயங்கினால் உருகிய இரும்பு வயிறு தள்ளித் தொங்கும், ஓரத்தில் நிற்காவிட்டால் அங்கே பட்டை அரித்துப் பள்ளம் விழும். கண் எப்போதும் அந்தக் குழம்பின் மேலேயே இருக்கட்டும். தொங்கப் பார்க்கிறதா? 5 ஆம்ப்ஸ் குறையுங்கள்.

அப்புறம், தோல் கையுறையோடு சட்டைக் கை பட்டனையும் போட்டுவிடுங்கள், பொறி கொட்டுவது உங்கள் கை மேல்தான்.